லாக்டவுனில் டெல்லியின் காற்று சுத்தமானது சரி... மினி லாக்டவுன் ஏன் கைகொடுப்பதில்லை?

2024 நவம்பர் 18. டெல்லியின் காற்றுத்தரக் குறியீடு 494. இந்தக் குறியீட்டின் உச்ச அளவே 500தான். அதாவது, மீட்டர் கிட்டத்தட்ட முட்டி நின்றுவிட்டது. பள்ளிகள் ஆன்லைனுக்கு மாறின. கட்டுமான வேலைகள் நிறுத்தப்பட்டன. அத்தியாவசியப் பொருட்கள் ஏற்றாத லாரிகள் நகருக்குள் வரத் தடை. இரண்டு நாள் கழித்து, டெல்லி அரசு தன் ஊழியர்களில் 50% பேரை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது.

குருகிராமிலோ நொய்டாவிலோ வேலை பார்க்கும் நம்ம ஊர்க்காரர்களைக் கேட்டால், "இது வருஷா வருஷம் நடக்கிறதுதானே" என்பார்கள். தீபாவளி முடிந்ததும் ஏர் ப்யூரிஃபயர் ஆன் ஆகும், என்-95 மாஸ்க் வெளியே வரும், ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் 'வொர்க் ஃப்ரம் ஹோம்' பேச்சு ஆரம்பிக்கும். கூடவே யாராவது ஒருவர் பழைய போட்டோ ஒன்றைப் போடுவார். 2020 ஏப்ரல், நீல வானம், காலியான சாலை. "எல்லாத்தையும் மூடினப்போ காற்று எப்படி இருந்துச்சு பார்த்தீங்களா? அதே மாதிரி பத்து நாள் மூடினா போதுமே!"

உண்மையிலேயே போதுமா? இந்தக் கேள்விக்கு ஊகமாகப் பதில் சொல்லத் தேவையில்லை. 2020இல் பெருந்தொற்று நம் எல்லோரையும் வைத்து நடத்திய ஒரு மாபெரும் பரிசோதனையின் முடிவுகள் கையில் இருக்கின்றன. அவை சொல்வது, அந்த நீல வானப் போட்டோ சொல்வதைவிடக் கொஞ்சம் சிக்கலானது.

2020இல் என்னதான் நடந்தது?

மார்ச் 22 அன்று மக்கள் ஊரடங்கு. மார்ச் 25 முதல் 21 நாள் நாடு தழுவிய லாக்டவுன். பிறகு அது மே 31 வரை கட்டம் கட்டமாக நீண்டது. விமானம், ரயில், மெட்ரோ, தொழிற்சாலை, கட்டுமானம், கடைகள் என எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. இவ்வளவு பெரிய நாடு ஒரே ராத்திரியில் இப்படி நின்றது அதற்கு முன்பு நடந்ததில்லை.

பலன் சில நாட்களிலேயே கண்ணுக்குத் தெரிந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் பஞ்சாபின் ஜலந்தரில் மொட்டை மாடி ஏறியவர்கள், சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் தவுலாதர் பனிமலைத் தொடரைப் பார்த்தார்கள். அதே சமயத்தில் வட இந்தியாவின் மேல் மிதக்கும் நுண்துகள்களின் அளவு, ஆண்டின் அந்தக் காலகட்டத்துக்கு 20 ஆண்டுகளில் இல்லாத அளவுக்குக் குறைந்திருப்பதாக நாசாவின் செயற்கைக்கோள் தரவுகள் காட்டின.

தரையில் இருந்த கருவிகளும் இதை உறுதிப்படுத்தின. டெல்லியின் 34 கண்காணிப்பு நிலையங்களின் தரவை வைத்து நடந்த ஓர் ஆய்வில், லாக்டவுனுக்கு முந்தைய மூன்று வாரங்களில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 80 மைக்ரோகிராமாக இருந்த பிஎம் 2.5, லாக்டவுனின் முதல் மூன்று வாரங்களில் 40க்குச் சற்றுக் கீழே இறங்கியது. பிஎம் 10 பாதியானது. நைட்ரஜன் டை ஆக்சைடும் பாதிக்கு மேல் குறைந்தது.

(பிஎம் 2.5 என்பது 2.5 மைக்ரோமீட்டர் அல்லது அதற்கும் குறைவான விட்டம் கொண்ட துகள். தலைமுடியின் தடிமனில் சுமார் முப்பதில் ஒரு பங்கு. மூக்கில் சிக்காமல் நுரையீரலின் ஆழம் வரை போய், ரத்தத்திலும் கலக்கக்கூடியது. அதனால்தான் எல்லோரும் இதையே கணக்கு பார்க்கிறார்கள்.)

இதில் எவ்வளவு லாக்டவுன், எவ்வளவு மழை?

'முன்பு 80, பின்பு 40' என்ற ஒப்பீட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. மார்ச் கடைசியில் வட இந்தியாவில் பருவமே மாறுகிறது. குளிர்காலத்தில் காற்று தரையை ஒட்டி, மூடி போட்ட பாத்திரத்துக்குள் இருப்பதுபோல அடைபட்டுக் கிடக்கும். வெயில் ஏற ஏற அந்த மூடி மேலே போகும். அதே அளவு புகை அதிக இடத்தில் பரவி நீர்த்துப்போகும். லாக்டவுனே இல்லாவிட்டாலும் ஏப்ரல் காற்று பிப்ரவரி காற்றைவிடச் சுத்தமாகத்தான் இருந்திருக்கும். போதாக்குறைக்கு, 2020 மார்ச்சில் டெல்லியில் வழக்கத்தைவிட நிறைய மழை.

அதனால், முந்தைய ஆண்டுகளின் அதே நாட்களோடு ஒப்பிடுவது இன்னும் நியாயமான முறை. 2017 முதல் 2020 வரையிலான தரவுகளை வைத்து 22 இந்திய நகரங்களில் அப்படி ஒப்பிட்ட ஓர் ஆய்வின் முடிவு இது:

- பிஎம் 2.5: 43% குறைவு
- பிஎம் 10: 31% குறைவு
- நைட்ரஜன் டை ஆக்சைடு: 18% குறைவு
- கார்பன் மோனாக்சைடு: 10% மட்டும் குறைவு
- சல்ஃபர் டை ஆக்சைடு: சொல்லும்படி மாற்றம் இல்லை
- ஓசோன்: 17% அதிகரிப்பு

இதைவிடக் கறாரான ஓர் ஆய்வும் வந்தது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் தலைமையில் டெல்லி, பெய்ஜிங், வூஹான், லண்டன், நியூயார்க் உள்ளிட்ட 11 நகரங்களின் தரவை எடுத்து, மெஷின் லேர்னிங் மூலம் வானிலையின் பங்கைக் கழித்துப் பார்த்தார்கள். லாக்டவுனால் மட்டுமே குறைந்த நைட்ரஜன் டை ஆக்சைடு 10 முதல் 50% வரைதான். பிஎம் 2.5 பெரும்பாலான நகரங்களில் குறைந்தது. ஆனால் லண்டனிலும் பாரிஸிலும் கூடியது! 2021இல் வெளியான அந்தக் கட்டுரையின் சாரம்: மாற்றம் சட்டென்று வந்தது, ஆனால் எதிர்பார்த்ததைவிடச் சிறியது.

ஒவ்வொரு வாயுவும் ஒரு சாட்சி

மேலே உள்ள பட்டியலை மறுபடி பாருங்கள். எல்லாம் ஒரே அளவில் குறையவில்லை. விஷயமே அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு மாசுக்கும் ஒரு பிறப்பிடம் உண்டு. எது குறைந்தது, எது குறையவில்லை என்று பார்த்தால், எந்த அடுப்பு அணைந்தது, எது எரிந்துகொண்டே இருந்தது என்று தெரிந்துவிடும்.

நகரங்களில் நைட்ரஜன் டை ஆக்சைடின் முக்கியப் பிறப்பிடம் வாகன இன்ஜின். காற்றில் சில மணி நேரமே தங்கும். வண்டி நின்றால் உடனே இறங்கும். ஐரோப்பிய விண்வெளி முகமையின் செயற்கைக்கோள் படங்களில், முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டால் மும்பை, டெல்லி மீது இது சுமார் 40 முதல் 50% குறைந்திருந்தது. ஆனால், பெரிய அனல்மின் நிலையங்கள் இருக்கும் சில இடங்களில் மட்டும் அதன் செறிவு தொடர்ந்து தெரிந்தது.

சல்ஃபர் டை ஆக்சைடு, பெரும்பாலும் நிலக்கரி எரிவதால் வருவது. 2020 ஏப்ரலில் நாட்டின் மின் நுகர்வு ஏறத்தாழ கால்பங்கு குறைந்தது. ஆனாலும் வீட்டில் ஃபேன் ஓடியது, லேப்டாப் ஓடியது, ஆஸ்பத்திரிகள் இயங்கின. அனல்மின் நிலையங்களை மூட முடியாது. டெல்லி நகருக்குள் இருந்த கடைசி நிலக்கரி மின் நிலையமான பதர்பூர் 2018 அக்டோபரிலேயே மூடப்பட்டுவிட்டது. ஆனால், டெல்லியைச் சுற்றி 300 கிலோமீட்டருக்குள் 11 அனல்மின் நிலையங்கள் இருக்கின்றன.

கார்பன் மோனாக்சைடு, எதுவானாலும் அரைகுறையாக எரியும்போது வருவது. ஆபீஸ்கள் மூடினாலும் வீட்டு அடுப்பு அணையவில்லை. விறகு, வறட்டி, சுள்ளி வைத்துச் சமைக்கும் வீடுகளில், எல்லோரும் வீட்டிலேயே இருந்ததால் சமையல் நிற்கவில்லை. இந்தியாவின் வெளிக்காற்றில் இருக்கும் பிஎம் 2.5இல் ஏறத்தாழ கால்பங்கு இப்படி வீட்டு அடுப்புகளிலிருந்து வருவதாகப் பெருந்தொற்றுக்கு முன்பே ஆய்வுகள் கணக்கிட்டிருந்தன. நகரவாசி யாரும் இதைத் தன் காற்றோடு சேர்த்து யோசிப்பதில்லை.

மாசு குறைந்தால் ஓசோன் ஏன் கூடியது?

இது பலரையும் குழப்பிய விஷயம். வானத்தில் உயரத்தில் இருக்கும் ஓசோன் நம்மைக் காப்பது. தரையில் உருவாகும் ஓசோன் நுரையீரலை அரிப்பது. தரை ஓசோன் எந்தப் புகைபோக்கியிலிருந்தும் நேரடியாக வருவதில்லை. நைட்ரஜன் ஆக்சைடுகளும், பெட்ரோல் ஆவி போன்ற கரிம வாயுக்களும் வெயிலில் வினைபுரிந்து உருவாவது.

வண்டிப் புகையில் வரும் நைட்ரிக் ஆக்சைடு, இப்படி உருவாகும் ஓசோனைத் தின்றும்விடும். நெரிசலான சாலைகளில் நடப்பது இதுதான். லாக்டவுனில் வண்டிகள் போய்விட்டன, ஓசோனைத் தின்ன ஆளில்லை. வானம் தெளிந்ததால் வெயிலும் கூடுதலாக இறங்கியது. பலன், ஓசோன் ஏறியது.

சிம்பிளாகச் சொன்னால், காற்று என்பது தனித்தனிக் குழாய்கள் கொண்ட டேங்க் இல்லை. ஒரு சமையல் பாத்திரம். ஒரு பொருளை மட்டும் குறைத்தால் மற்றவற்றின் ருசி மாறிவிடும். 2020 பிப்ரவரியில் பெய்ஜிங்கில் நடந்தது இதற்கு இன்னும் கடுமையான உதாரணம். ஊரே அடங்கியிருந்தும், அடர்ந்த புகைமூட்டம் வந்தது. காற்று அசையாமல் நின்றது, ஈரப்பதம் அதிகம், கூடிய ஓசோன் மற்ற வாயுக்களைத் துகள்களாக மாற்றும் வேலையை வேகப்படுத்தியது என்று பிறகு விஞ்ஞானிகள் விளக்கினார்கள்.

எல்லாம் மூடியும் ஏன் முழுசா சுத்தமாகவில்லை?

டெல்லியின் 40 என்ற எண்ணுக்குத் திரும்புவோம். அது நமக்கு நல்ல சேதி மாதிரி இருந்தது. 24 மணி நேரத்துக்கான இந்தியத் தர அளவு 60. அதற்குள் வந்துவிட்டோம். ஆனால், அப்போது உலக சுகாதார அமைப்பு வைத்திருந்த வரம்பு 25. 2021இல் அதை 15 ஆகக் குறைத்தார்கள். அதாவது, இரண்டு கோடி பேர் வீட்டுக்குள் உட்கார்ந்து, பயணிகள் விமான சேவை நின்றிருந்த நாட்களிலும் டெல்லியின் காற்று உலகத் தரத்தைத் தொடவில்லை. இந்தப் பரிசோதனையின் முக்கியமான முடிவே இதுதான்.

காரணம், டெல்லி சுவாசிப்பது டெல்லியின் காற்றை மட்டும் அல்ல. டெரி, ஏஆர்ஏஐ ஆகிய இரண்டு நிறுவனங்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, குளிர்காலத்தில் டெல்லியின் பிஎம் 2.5இல் 36%தான் டெல்லிக்குள்ளேயே உருவாவது. கோடையில் அது 26%. மீதியெல்லாம் ஹரியானா, உத்தரப் பிரதேசம், பஞ்சாப் என வெளியிலிருந்து வருவது. செங்கல் சூளை, வயல் தீ, சின்னச் சின்னத் தொழிற்கூடங்கள், அனல்மின் நிலையங்கள், வீட்டு அடுப்புகள் எல்லாம் அதில் அடக்கம்.

அதோடு, துகள்கள் எல்லாமே துகளாகப் பிறப்பதில்லை. அனல்மின் நிலையத்தின் சல்ஃபர் டை ஆக்சைடும், உரத்திலிருந்தும் மாட்டுச் சாணத்திலிருந்தும் வரும் அமோனியாவும் வழியில் வினைபுரிந்து பிஎம் 2.5 ஆக மாறுகின்றன. ஊர்விட்டு ஊர் வரும்போது வாயுவாகக் கிளம்பியது துகளாக வந்து சேர்கிறது. டெல்லிக்காரர் தன் காரை வீட்டில் நிறுத்துவதால் இது குறையாது.

சென்னை, மும்பை போன்ற நகரங்களுக்குக் கடற்காற்று என்ற துடைப்பம் இருக்கிறது. டெல்லிக்கு அது இல்லை. வடக்கே இமயமலைச் சுவர், சுற்றிலும் கங்கைச் சமவெளி. புகை உள்ளே வந்தால் வெளியேற வழி குறைவு.

திறந்ததும் என்ன ஆச்சு?

ஜூனில் அன்லாக் ஆரம்பித்தது. நவம்பரில் எல்லாம் பழையபடி. 2020 தீபாவளிக்குப் பட்டாசுத் தடை இருந்தும், டெல்லியின் குறியீடு 400ஐத் தாண்டி 'கடுமை' என்ற பிரிவுக்குள் போனது.

ஆண்டு முழுவதுக்குமான கணக்கு இன்னும் தெளிவாகச் சொல்கிறது. ஐக்யூஏர் நிறுவனத்தின் அறிக்கைகளின்படி டெல்லியின் ஆண்டு சராசரி பிஎம் 2.5:

- 2019: 98.6
- 2020: 84.1
- 2021: 96.4

நாட்டையே நிறுத்தி வைத்த ஆண்டில் கிடைத்தது சுமார் 15% குறைவு. அதுவும் அடுத்த ஆண்டே பெரும்பாலும் காணாமல் போனது. உலக சுகாதார அமைப்பின் இன்றைய ஆண்டு வரம்பு 5.

இந்த 15 சதவீதத்துக்குக் கொடுத்த விலை என்ன? சிஎம்ஐஇ கணக்குப்படி 2020 ஏப்ரலில் மட்டும் சுமார் 12.2 கோடிப் பேர் வேலை இழந்தார்கள். நீல வானத்தை நாம் பால்கனியில் நின்று போட்டோ எடுத்த அதே நாட்களில், அந்த வானத்தின் கீழே லட்சக்கணக்கானவர்கள் குழந்தைகளைத் தோளில் சுமந்து நெடுஞ்சாலையில் ஊருக்கு நடந்துகொண்டிருந்தார்கள். சுத்தமான காற்றுக்கு இதுதான் வழி என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

மினி லாக்டவுனிலும் இதே கணக்குதான். நாம் லேப்டாப்பை வீட்டில் திறந்துகொள்கிறோம், சம்பளம் வந்துவிடும். கட்டுமானத் தளம் மூடினால் சித்தாளுக்கு அன்றைய கூலி இல்லை. 2024இல், வேலை நின்ற கட்டுமானத் தொழிலாளர்களுக்கு அவர்களுக்கான செஸ் நிதியிலிருந்து உதவித்தொகை கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

அப்போ மினி லாக்டவுன் வீணா?

முழுவதும் வீண் இல்லை. குறியீடு 450ஐத் தாண்டிய நாளில் வண்டிகளையும் தூசியையும் குறைப்பது, உச்சத்தைக் கொஞ்சம் தட்டிவிடும். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு அந்தக் 'கொஞ்சம்' பெரிய விஷயம். ஆனால், அது காய்ச்சலுக்கு நெற்றியில் போடும் ஈரத்துணி. நோய்க்கு மருந்து வேறு.

மருந்து என்ன என்பதற்கும் அதே லாக்டவுன் நாட்களில் ஓர் உதாரணம் நடந்தது. யாரும் கவனிக்கவில்லை. 2020 ஏப்ரல் 1 அன்று நாடு முழுக்க பிஎஸ்-6 தர எரிபொருளும் வாகன விதியும் அமலுக்கு வந்தன. பெட்ரோல், டீசலில் சல்ஃபரின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. இதற்காக ஊரை மூடி வைக்கத் தேவைப்படவில்லை. பழைய வண்டிகள் கழிய ஆண்டுகள் ஆகும். ஆனால் லாக்டவுன் மாதிரி இதன் பலன் திரும்பிப் போகாது.

மறுபக்கம், அனல்மின் நிலையங்களில் சல்ஃபரைப் பிடிக்கும் கருவி பொருத்த வேண்டும் என்று 2015 டிசம்பரில் விதி வந்தது. 2017க்குள் முடிக்க வேண்டியது. கெடு திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது. கடைசியில் 2025 ஜூலையில், பெரும்பாலான நிலையங்களுக்கு அரசே விலக்கு கொடுத்துவிட்டது. லாக்டவுனிலும் குறையாத அந்த ஒரு வாயு ஞாபகம் இருக்கிறதா? அதேதான்.

பெய்ஜிங்கைப் பாருங்கள். 2013இல் அதன் ஆண்டு சராசரி பிஎம் 2.5, 89.5. 2017இல் 58. 2021இல் 33. நிலக்கரி பாய்லர்களை எரிவாயுவுக்கு மாற்றினார்கள், நகரின் கடைசிப் பெரிய நிலக்கரி மின் நிலையத்தை 2017இல் நிறுத்தினார்கள், பக்கத்திலிருக்கும் தியான்ஜின், ஹெபெய் பகுதிகளையும் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். 2020 பிப்ரவரி லாக்டவுனில் புகைமூட்டத்தில் மாட்டிய அதே நகரம், வருடக்கணக்கான வேலையால் காற்றைச் சரிசெய்தது.

இந்தியாவும் 2020 அக்டோபரில் டெல்லிக்கும் அண்டை மாநிலங்களுக்கும் சேர்த்து காற்றுத்தர மேலாண்மை ஆணையத்தை அவசரச் சட்டத்தில் அமைத்தது. 2021இல் அது முழுச் சட்டமானது. மாநில எல்லையைத் தாண்டி ஒரே காற்றுப் பரப்பாகப் பார்க்க வேண்டும் என்ற சரியான யோசனைதான். ஆனால், ஆணையத்தின் பெயர் இன்றும் நம் காதில் விழுவது பெரும்பாலும் நவம்பரில், எதையாவது மூடச் சொல்லும்போதுதான்.

இது டெல்லியின் தலைவலி மட்டுமா?

2019இல் இந்தியாவில் காற்று மாசால் நிகழ்ந்த மரணங்கள் 16.7 லட்சம் என்று லான்செட் குழும இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. நாட்டின் மொத்த மரணங்களில் 17.8%. இது ஒரு நகரத்தின் கணக்கு இல்லை. தேசிய தூய காற்றுத் திட்டத்தில் உள்ள நகரங்களில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடியும் இருக்கின்றன. கடற்காற்று நம் புகையைத் தள்ளிக்கொண்டு போகிறது என்பதால் எண்ணூரில் அனல்மின் நிலையம் இல்லை என்று ஆகிவிடாது.

எனவே, அடுத்த நவம்பரில் யாராவது அந்த நீல வானப் போட்டோவை குரூப்பில் போட்டால், அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால், "பத்து நாள் மூடினா போதுமே" என்றால், இப்படிக் கேளுங்கள்: "அன்னைக்கு எல்லாமே மூடியிருந்துச்சு. அப்பவும் 40. மீதி எங்கேயிருந்து வந்துச்சு?" அந்த மீதியில் கைவைக்காத வரை, வீட்டிலிருந்து நாம் வேலை பார்க்கலாம், சுவாசிக்கப்போவது அதே காற்றைத்தான்.